மூடி திறந்த ஒரு மணி நேரம்

நான் மேடையில் இருந்தபோது ஏழுமலை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான். சென்னையில் ஒரு கல்லூரி அரங்கு, காலை பதினொரு மணி. ‘மேல்நகரம்’ நாவல் வரிசை எங்கிருந்து பிறந்தது என்று கேட்டார்கள். சின்ன வயதில் மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பேன், அங்கிருந்து என்றேன். எங்கள் வீட்டில் அப்போது மொட்டை மாடியே கிடையாது. கைதட்டினார்கள். சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

இறங்கி வந்து திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது அவன் வேலை செய்யும் லாரியின் டிரைவர் தனசேகர் அண்ணன்.

“ஏழுமல பூட்டான்பா. தொட்டிக்குள்ள மயங்கி வுழுந்துட்டான். பயர் சர்வீஸ்காரங்க வந்துதான் தூக்கினாங்க. தூக்கறப்பவே மூச்சு இல்ல.”

உத்திரமேரூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் கழிவுநீர்த் தொட்டி அது.

அவனும் நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். பிறகு நான் படிக்கப் போனேன், அவன் கழிவுநீர் லாரியில் குழாய் பிடிக்கப் போனான். நான் ஊர், அவன் காலனி. விளக்கம் இந்த வரியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அந்த நாவல் வரிசையைப் படித்தவர்களுக்கும், அவனை லாரியோடு மட்டுமே பார்த்தவர்களுக்கும் மீதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையில் சொல்லாமல் விட்டது அது.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுத் தொட்டியைக் காலி செய்ய வந்தான். மூடியைத் திறந்துவைத்துவிட்டு, தள்ளிப் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். “மூடி தொறந்தா ஒரு மணி நேரம் காத்து போவணும். அதுவரிக்கும் கிட்டவே போவமாட்டேன்,” என்றான். சித்தப்பா ஒருவரைத் தொட்டியில் பறிகொடுத்துக் கற்ற பாடம். மனிதர்கள் உள்ளே இறங்கவே கூடாது என்பதுதான் சட்டம். ஒரு மணி நேரம் கழிந்தால் விஷக்காற்று முழுதாய்ப் போய்விடும் என்பதற்கும் உறுதி இல்லை. ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால் “எறங்கிப் பாரு” என்று சொல்லும் ஊரில் அவனிடம் இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான்.

என் அம்மா காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “அத எடுத்துக்கினு போய்டுப்பா, திருப்பித் தர வேணாம்,” என்றார். எனக்கு உடம்பு கூசியது. அவன் சிரித்தான். “வூட்டுக்கு ஒரு பாட்டில் லாபம் மச்சான்.”

பிறகு கேட்டான்: “இன்னா எய்திக்கினு கீற?”

உள்ளதை உள்ளபடி எழுதி யாரும் படிக்கவில்லை என்ற கடுப்பில் நான் எதிர்காலக் கதை ஒன்றைத் தொடங்கியிருந்தேன். ஆயிரம் வருடத்துக்குப் பிறகு நம் பக்கமெல்லாம் கடலுக்குள் போய்விடுகிறது. தூண்களின் மேல் ஒரு நகரம். எல்லா வேலையும் இயந்திரங்கள் செய்கின்றன. சொன்னேன்.

“அங்க கக்கூஸ் கீதா?”

“கீதுடா.”

“யாரு எடுக்கறது?”

“மெஷின்.”

“மெஷின் அடைச்சிக்கினா?”

அவனே தொடர்ந்தான்.

“பாத்தியா, அங்கயும் நாந்தான். ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே ஓலைல பேரு எய்தி, கொடத்துல போட்டு ஆள் எடுத்தாங்கன்னு உத்திரமேரூரு கோயில் செவுத்துல கீதாமே. அப்பவும் எங்காளு ஒருத்தன் வெளிய நின்னுக்கினு இருந்திருப்பான். பின்னால போனாலும் நானு, முன்னால போனாலும் நானு.”

எழுதியிருந்த தொண்ணூறு பக்கத்தையும் அன்றே கிழித்துப் போட்டேன். இப்போது முதல் நாவலின் முதல் பக்கத்தில் இயந்திரம் அடைத்துக்கொள்கிறது, ஒருவனைக் கயிறு கட்டி இறக்குகிறார்கள். வரிசை பிறந்த கதை இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரம் எங்களுடையதாயிற்று. நான் சென்னைக்கு வந்த பிறகும் மானாம்பதியிலிருந்தோ திருப்புலிவனத்திலிருந்தோ போன் வரும். “மூடி தொறந்துட்டேன். சொல்லு.” எழுதியவரை சொல்வேன். நடுவில் திருத்துவான். “இடுப்புல கயிறு கட்டினா மயங்கினவன் மடங்கிப்பூடுவான்டா. அக்குளுக்கு அடியில கட்டு.” பின்னால் வீட்டுக்காரர் கத்துவது கேட்கும்: “இன்னாப்பா, போன்ல அரட்ட அடிச்சிக்கினு கீற? நாத்தம் தாங்கல!” அவன் நிதானமாய்ச் சொல்வான்: “கத முடியலண்ணா. முடியாம நான் கிட்ட போமாட்டேன்.”

அக்குளில் கயிறு கட்டும் அந்த இடத்தை ஒரு விமர்சகர் அபாரமான கற்பனை என்று எழுதினார். படித்துக் காட்டினேன். “கற்பனையா? அவர நாளிக்கி லாரிக்கு வரச் சொல்லு. ரெண்டு தொட்டி கற்பன காட்றேன்,” என்றான்.

மூன்று புத்தகம் வந்துவிட்டது. எதிலும் அவன் பெயர் இல்லை. அடுத்ததில் போடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். அவன் அதைக் கேட்டதே இல்லை. கேட்டது வேறு. இனி எழுதவேண்டிய நான்காவது, கடைசிப் புத்தகத்தில் மேல்நகரத்துக்காரன் ஒருவன் கீழே இறங்க வேண்டும். “ஒரே ஒரு தபாடா. எறங்கிட்டு ஏறட்டும்.” பலமுறை எழுதிப் பார்த்தேன். நம்பும்படி வரவில்லை என்றேன். “அப்ப உனுக்கே நம்பிக்க இல்ல,” என்றான். இல்லைதான்.

அன்று நடந்ததைத் தனசேகர் அண்ணன் எரிமேட்டில் வைத்துச் சொன்னார். சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன். தொட்டி நிரம்பி வழிகிறது. குழாய் அடைத்துக்கொண்டது. “மேனேஜரு தலமேல நின்னு கத்தறான். இவன் உனுக்கு மூணு தபா போன் போட்டாம்பா. நீ எடுக்கல. சரி, இன்னிக்கி கத இல்லன்னு சொல்லிட்டு, போன எங்கையில குடுத்துட்டு எறங்கிட்டான். மூடி தொறந்து இருவது நிமிசங்கூட ஆவல.”

எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் மண்டபத்துக்காரர்கள் தப்பித்துவிடுவார்கள். ஏற்கெனவே தப்பித்துவிட்டார்கள். வழக்கு டிரைவர்மேல்தான். அன்று சாயங்காலம் ரிசப்ஷன் நடந்தது, பந்தி போட்டார்கள். ஆனால் எடுத்திருந்தால் அவன் உட்கார்ந்திருப்பான். அது எனக்கு நிச்சயமாய்த் தெரியும்.

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது எடுக்காமல் விட்ட மூன்று அழைப்புகளும், “மெஷின் அடைச்சிக்கினா?” என்ற கேள்வியும். நான்காவது புத்தகத்தை அவன் கேட்டபடி முடிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் அப்பா போன் செய்தார். “நம்ம தொட்டி ரொம்பிடுச்சிப்பா. அந்தப் பையன் வேற பூட்டான். வேற லாரி நம்பர் கீதா?”

பேருந்து நிலையச் சுவரில் பார்த்த நம்பர் ஒன்று இருந்தது. கொடுத்தேன். குழாய் அடைத்தாலும் யாரையும் இறக்கக்கூடாது, மூடியைத் திறந்துவைத்துவிட்டு ஒரு மணி நேரம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள் என்றேன்.

“அவ்ளோ நேரமாடா?” என்றார் அப்பா. “நாத்தம் எப்படித் தாங்கறது?”