நைனா கேட்ட ஒப்பாரி

வயசானால் ஆசை குறைந்துபோகும் என்கிறவர்கள் என் எதிரில் வந்து சொல்லட்டும், பார்க்கிறேன். எங்கள் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவோம், அன்றைக்கு இருந்த வயசு எனக்கு இப்போது. காலையில் சூடாக ஒரு டீ வேண்டும். முட்டி வலிக்காமல் தெருமுனை வரைக்கும் போய் வந்தால் அன்று முழுக்கச் சந்தோஷம். யாராவது நன்றாகப் பாடினால் அடுப்பில் சோறு குழைந்தாலும் பரவாயில்லை என்று நின்று கேட்கிறேன். ஆசை எங்கே குறைந்தது? நைனாவுக்கோ அந்த வயசில் வந்த ஆசையைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது. தன் சாவுக்குப் பாடப்போகும் ஒப்பாரியை உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும் என்றார் மனுஷன்!

பாட வேண்டியவள் அவருடைய அக்கா. எனக்கு அத்தை. அவள் மகனைத்தான் நான் கட்டிக்கொண்டேன், அதனால் மாமியாரும் அவளே. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் எங்கள் ரெண்டு வீடும். எல்லோரும் கூலிக்கு நடவு நட்டுப் பிழைத்தவர்கள். ஆனால் சுத்துப்பட்டில் எங்கே சாவு விழுந்தாலும் முதலில் அத்தையைத்தான் தேடுவார்கள். அவள் போய் உட்கார்ந்து, முடியை அவிழ்த்துவிட்டு ஒரு அடி எடுத்தால், செத்தவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். போனவர் எப்படிச் சிரிப்பார், எதற்கு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார், எல்லாம் பாட்டில் வந்துவிடும். நைனா பந்தல் ஓரமாக உட்கார்ந்து கேட்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இன்னிக்கி எங்கக்கா எடுத்துக் குடுத்தா பாரு, அடா அடா!" என்பார். சாவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரியே இருக்காது, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வந்தவர் மாதிரி இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அத்தைக்கு இளைப்பு வந்துவிட்டது. பனிக்காலத்தில் பாதிப் பாட்டில் மூச்சு நின்று நின்று வரும். நைனாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பல் போன வாய்க்கு வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"யக்கா, எனக்குன்னு ஒரு பாட்டு மனசுல வெச்சிருப்ப இல்ல? அத இப்பவே பாடிடு."

அத்தை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடா பேச்சு இது?"

"ஊருக்கெல்லாம் பாடின. அவங்கள்ல ஒருத்தராச்சும் காதால கேட்டாங்களா? நீ முந்திக்கினா எனக்கு யாரு பாடுவா? பாடினாலும் எனக்குத் தெரியவா போவுது?"

அம்மா பொங்கிவிட்டாள். "தாலி கட்டிக்கினவ குத்துக்கல்லாட்டம் கீறேன், இந்த மனுசனுக்கு ஒப்பாரி கேக்குதாம் ஒப்பாரி!"

எனக்கும் வந்ததே கோபம். உயிரோடு இருக்கிறவர் வீட்டில் ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட மாட்டோம். சின்னப்பிள்ளைகள் விளையாட்டுக்கு அழுதாலே முதுகில் ஒன்று விழும். "அறிவு கீதா நைனா உனக்கு?" என்று கத்திவிட்டு வந்தேன். அவர் சண்டை போடவில்லை. கேழ்வரகுக் கூழும் கருவாடும் வைத்தால் கருவாட்டைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். கருவாட்டைத் தொடவில்லை என்றால் எங்கள் நைனா நிஜமாகவே வருத்தத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அத்தைதான் தாங்காமல் இறங்கி வந்தாள். "வூட்ல வேணாம். ஏரிக்கரைக்குப் போலாம். பாடிட்டு அப்டியே ஏரில முழுக்குப் போட்டுட்டு வந்துட்டா ஒண்ணும் ஆவாது." என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஒப்பாரியைத் தனியாகப் பாட முடியாது, தோளைக் கட்டிக்கொண்டு கூடவே இழுக்க ஒருத்தி வேண்டும்.

பட்டப்பகல். மதகுக்குப் பக்கத்தில், பனைமர நிழலில் நைனா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புதுச் சட்டை வேறு! அத்தை முடியை அவிழ்த்து என் தோளைப் பிடித்தாள்.

"கூடப் பொறந்த பொறப்பே,
கூழுக்குக் கருவாடு கேட்டவனே,
கொள்ளப் பசி எடுத்தாலும்
கோவிக்கத் தெரியாதவனே..."

"நில்லு நில்லு," என்றார் நைனா. "கோவிக்கத் தெரியாதவனா? போன பொங்கலுக்குக் கோவிச்சிக்கினு உன் வூட்டுப் பக்கமே வரலியே நானு."

"சாவுல அதெல்லாம் சொல்ல மாட்டாங்கடா."

"நெசத்தச் சொல்லு யக்கா. அப்பதான் அது நானு."

அத்தை மூச்சை இழுத்துக்கொண்டு மாற்றிப் பாடினாள்.

"கோவிச்சிப் போனாலும்
கொல்லப் பக்கம் வந்தவனே,
கூழு வாசம் புடிச்சிக்கினு
குந்திக்கினு சிரிச்சவனே..."

"சரியா கீதா?" என்று கேட்டாள். நைனாவுக்குக் கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. "இன்னொரு வாட்டி," என்றார். அன்றைக்கு இளைப்பு எங்கே போனதோ, அத்தையின் குரல் ஏறிக்கொண்டே போனது. திட்டுவதற்கென்றே வந்த நானும் தோளைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதேன். என்ன சுகமான அழுகை அது!

காற்றைத்தான் நாங்கள் மறந்துவிட்டோம். கரைக்குக் கீழே வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஆள் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. அத்தைக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒருத்தர்தான். அப்புறம் கேட்பானேன்? ஒருத்தி ஊருக்குள் ஓடினாள். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு கரையேறி வந்தார்கள். வந்து பார்த்தால் பிணம் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறது!

"குறுக்க பேசாதீங்க, இன்னும் முடியல," என்றார் நைனா. நம்பமாட்டீர்கள், அவர்களும் சேற்றுக்காலோடு வட்டமாக உட்கார்ந்து கூடவே இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அம்மா வந்தாள். தலைவிரி கோலமாக, விழுந்தடித்துக்கொண்டு. நைனாவைப் பார்த்தாள். ஒருத்தி கையில் இருந்த நாற்றுக் கட்டைப் பிடுங்கி அவர் முதுகில் நாலு வைத்தாள். புதுச் சட்டை முழுக்கச் சேறு. அடித்த கையாலேயே அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள் பாருங்கள், அத்தையின் பாட்டெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அதோடு முடிந்ததா? அதற்குள் யாரோ சைக்கிளை மிதித்து அம்மா பிறந்த ஊரான மாகறலுக்குச் சாவுச் சேதி சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, தோளில் மாலையும் கையில் கோடிப் புடவையுமாக, தெருமுனையிலேயே "ஐயோ மச்சான்!" என்று கதறிக்கொண்டு வந்தார்.

"வா மச்சான்," என்று வாசலுக்குப் போனார் நைனா. "மால ஜோரா கீதே, யாருக்கு?"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மோர் கொடுத்துத் தெளியவைத்தோம். தாலி அறுத்தவளுக்கென்று வந்த புடவையை அம்மா கையால்கூடத் தொடவில்லை. "பாடினவளுக்குக் குடு," என்றார் நைனா. மாமா பெரிய மனசோடு அதை அத்தையிடம் நீட்ட, அவள் அடுத்த பொங்கலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டாள். கேட்டவர்களிடமெல்லாம், "எங்க தம்பி சாவுக்கு வந்தது," என்று வெட்கமே இல்லாமல் சொன்னாள். தம்பி பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

நைனா பயந்த மாதிரிதான் நடந்தது. சில வருஷம் கழித்து ஒரு மார்கழிப் பனியில் அத்தை முந்திக்கொண்டாள். அந்தக் கோடிப் புடவையைத்தான் கட்டிவிட்டோம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். யார் எடுத்தாலும் ஒரு அடிக்கு மேல் வரவில்லை. நானும் எடுத்துப் பார்த்தேன், முதல் அடியோடு நின்றுவிட்டேன். இவ்வளவு பேருக்குப் பாடியவள் பாட்டே இல்லாமல் போகப்போகிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஆம்பிளைகள் ஒப்பாரி பாடமாட்டார்கள். வெளியே பந்தலில்தான் நிற்பார்கள். நைனா எழுந்து உள்ளே வந்தார். பெண்களை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தோள் குடு," என்றார்.

"கூடப் பொறந்த பொறப்பே,
கோவக்காரன் அக்காவே,
கோவிச்சிப் போனவனுக்கும்
கூழ மூடி வெச்சவளே..."

பல் இல்லாத வாய். பாதி எழுத்து காற்றாகப் போனது. ஆனால் அத்தை எங்கே ஏற்றுவாளோ அங்கே ஏற்றினார், எங்கே இழுப்பாளோ அங்கே இழுத்தார். நாங்கள் அத்தனை பேரும் கூடவே இழுத்தோம். முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் காதுப் பக்கம் குனிந்தார்.

"சரியா கீதா யக்கா?" என்று கேட்டார்.