நிலைக்கு மேல் எழுதிய எழுத்து

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மாதா கோயில் பங்குக்கு வந்த சாமியார் ரோமாபுரியில் படித்தவர். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் ஜனவரி முதல் வாரத்தில் வரும். அதற்கு, திருவண்ணாமலையில் நாங்கள் அதுவரை பார்த்திராத வழக்கம் ஒன்றை ஆரம்பித்தார். பூசையில் சாக்பீஸை மந்திரித்து, வீடு வீடாக வந்து வாசல் நிலையின் மேல்கட்டையில் வருஷத்தையும் மூன்று ராஜாக்களின் முதல் எழுத்துகளையும் எழுதி, நடுநடுவே சிலுவை போட்டார். வருஷம் முழுக்க வீட்டுக்குக் காவலாம். விடியற்காலையில் எழுந்து ஆண்டவர் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள், ஜெபம் தானாக ஆழமாகும் என்றும் பிரசங்கத்தில் சொன்னார்.

சொந்த வீடாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். நாங்கள் இருந்ததோ வாடகைக்கு. முன்பக்கம் வீட்டுக்காரர் குடும்பம். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலபுலன் உள்ளவர்கள். பக்கவாட்டு போர்ஷனில் நானும் என் கணவரும். பெரிய கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பு இருந்த வீட்டில் முதலில் கதவில் ஒட்டியிருந்த மாதா படம் காணாமல் போனது. அப்புறம் எங்கள் குழம்பு வாசனை பிடிக்கவில்லை என்றார்கள். கடைசியில் தங்கை மகளுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார்கள். தங்கை மகளை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அதனால் சாமியார் எழுதிவிட்டுப் போனதுமே வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று முன்பக்கத்தைப் பார்த்தேன். பொங்கல் வந்தது. வீட்டுக்காரர் எல்லா நிலைகளுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தார். எங்கள் வாசலில் மட்டும் மேல்கட்டையை விட்டுவிட்டார். "பாத்தீங்களா? யாரு குடியிருக்காங்கன்னு ஊருக்கே தெரியட்டும்னு விட்டிருக்காங்க" என்றேன்.

என் கணவர் செய்தித்தாளை இறக்காமலே, "பெயிண்ட் கம்மியா போயிருக்கும்" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள்.

பொங்கல் கழிந்ததும் எழுத்துகள் தேய ஆரம்பித்தன. ஒரு நாள் முதல் எழுத்தின் வால் இல்லை. இன்னொரு நாள் சிலுவையில் குறுக்குக் கோடு இல்லை. காற்று இப்படிப் பார்த்துப் பார்த்து அழிக்காது. பழைய வீட்டு மாதா படம் கண் முன் வந்தது. விரட்டும்வரை காத்திருக்க நான் என்ன பைத்தியமா? வீட்டு புரோக்கரிடம் போய், யார் காதுக்கும் போகாமல் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லி வைத்தேன்.

அதோடு விடியற்காலையில் எழ ஆரம்பித்தேன். ஜன்னலை விரல் அகலம் திறந்து வைத்து, ஜெபமாலையோடு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். வாய் அருள் நிறைந்த மரியே சொல்லும், கண் நிலையிலேயே இருக்கும். என் கணவர் எழுந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பக்தி முத்திடுச்சு" என்றார். நான் மறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கையும் களவுமாகப் பிடித்தேன். வீட்டுக்கார அம்மா கோலம் போட்டு முடித்தார். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எங்கள் படியில் ஏறி, விரலால் ஓர் எழுத்தைத் தடவினார்.

கதவைப் படாரென்று திறந்தேன். "எதுக்குக்கா அழிக்கிறீங்க?"

திருடியவர் முகமாகவே இல்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"அழிக்கலம்மா. பேரன் தூக்கத்துல அலறி அலறி எழுந்துக்கிறான். உங்க சாமியாரு மந்திரிச்சி எழுதனது ஆச்சே, துன்னூறு மாதிரி அவன் நெத்தியில இட்டுனு வரேன். இப்ப கொஞ்சம் தேவலை. சாமி எழுத்து மேல பெயிண்டு படக்கூடாதுன்னு நான்தான் அவருகிட்ட சண்டை போட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"நீங்க காலி பண்றீங்களாமே, புரோக்கர் சொன்னாரு. எங்க ஊடு புடிக்கலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? அவரு கோச்சிக்கினு வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டாரு. நேத்து அட்வான்ஸும் வாங்கிட்டாரு. நீங்க போறதுக்குள்ள இத கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்து வெச்சிக்கலாம்னுதான் வந்தேன்."

சாக்பீஸ் தூள் ஒட்டிய விரலை மற்ற கையால் மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார். கூப்பிட்டு என்ன சொல்வது? புரோக்கரை மனதுக்குள் கிழி கிழியென்று கிழித்தேன், ஆனால் அழுகை வந்ததென்னவோ அந்த அம்மாவை நினைத்துத்தான்.

அத்தனை விடியற்காலையிலும் ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டி முடிக்கும்போதெல்லாம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஆண்டவரே, இந்த வீட்டிலிருந்து எங்களை யாரும் விரட்டக் கூடாது.

யாரும் விரட்டவில்லை.