கப்பலில் வரும் பட்டினி

மருந்துக் கடையில் நிற்கிறவனுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: மூலத்துக்கு மருந்து கேட்பவர்கூட ஓரளவு காதில் விழும்படி கேட்டுவிடுவார், எடை குறைக்க மாவு கேட்பவர்தான் பக்கத்தில் யாரும் இல்லையே என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பார். நான் சின்ன வயதிலிருந்தே மெதுவாகப் பேசுகிறவன். அதனால் அந்த மாதிரி ஆட்கள் எல்லாம் என் பக்கமாகவே வந்து சேர்ந்தார்கள். போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டைக்குப் போகும் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் எங்கள் கடை. முதலாளி அண்ணாச்சி, பில் போட பெங்காலிக்கார அக்கா மிதாலி தீதி, மருந்து எடுத்துக் கொடுக்க நான். மூன்றே பேர்.

மாவு என்றால் டப்பாவில் வருகிற மாவு. டப்பாவுக்குள் பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும். ஒன்றைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. மூன்று வேளையும் அதுதான். நாள் முழுக்க உள்ளே போவது எண்ணூறு கலோரிக்குள். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே நாமெல்லாம் தாண்டிவிடுகிற கணக்கு அது. பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்டவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கும் இன்னும் ஒரு ஓட்டைதான் பாக்கி.

வாசல் தராசு

எங்கள் கடை வாசலில் எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் காலையில் முத்தையா அண்ணன் அதன்மேல் ஏறி நின்றார். நூற்றி நாலு. இறங்கினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினார். நூற்றி நாலு. பையில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மூன்றாவது முறை ஏறினார். மிஷின் மனசு மாறவில்லை.

முத்தையா அண்ணன் தீவுக்குத் தீவு ஓடும் படகில் சுக்கானி. இருபத்திரண்டு வருஷமாகச் சுக்கான் பிடிக்கிறவர். அந்தத் தடவை வேலைக்கான மெடிக்கல் பரிசோதனையில் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. எடை ஜாஸ்தி, சுகர் ஜாஸ்தி. இரண்டு மாதத்தில் பத்து கிலோ குறைத்துக்கொண்டு வா, சுகரும் இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கரையில் ஸ்டோர் வேலைதான் என்று அனுப்பிவிட்டார். அவருக்கு யாரோ மாவு டப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணே, நீங்க சுகர் மாத்திரை போடுறீங்க. இதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி ஒன்று ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது. அவர் தலையை ஆட்டினார். கேட்டுத்தான் ஆட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்கான டப்பாக்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்:

"சோறு இல்லாம இருந்துடலாம் தம்பி. ஸ்டோர்ல உக்காந்து கயிறு எண்ணிக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

சாப்பாட்டுக்கு அப்புறம்

அதே வாரத்தில் ஒரு காண்ட்ராக்டர் வீட்டு அம்மா வந்தார். பதினைந்து நாளுக்கு முன்னால் டப்பா வாங்கிப் போனவர். வந்ததும் நேராக மிஷின்மேல் ஏறினார். இரண்டு கிலோ கூடியிருந்தது. மிஷின் ரிப்பேர் என்றார். நான் ஏறிக் காட்டினேன். என் எடையைச் சரியாகத்தான் காட்டியது. பிறகு மாவு டூப்ளிகேட் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை வேளை குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று வேளை, ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். நாலு இட்லி, சாம்பார், அப்புறம் மாவு.

சாப்பாட்டுக்குப் பதிலாக அது, சாப்பாட்டோடு அல்ல என்று நான் விளக்கியபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மருந்துக் கடையில் வாங்கிய பொருளை அவர் மருந்துக் கடை வழக்கப்படியே சாப்பிட்டிருக்கிறார். தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று எத்தனை ஆயிரம் கவரில் நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

"சாப்பிட்டதுக்கு அப்புறம்தானப்பா எதையும் குடிக்கணும்? வெறும் வயித்துல குடிச்சா அல்சர் வந்துராதா?"

கேம்பல் பே பார்சல்

தெற்குக் கோடித் தீவில் இருக்கிற கேம்பல் பே ஊரில் ஒரு சுபேதார் இருக்கிறார். பட்டாளத்தில் ஓய்வு பெற்று அங்கேயே தோப்போடு தங்கிவிட்ட தஞ்சாவூர்க்காரர். முழங்கால் வலிக்கிறது, எடை குறைய வேண்டும் என்று போனில் டப்பா கேட்டார். அங்கே போகிற கப்பலில் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று மிதாலி தீதி கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிவரை விசாரித்து, ஒரு டீச்சர் கையில் பார்சலைக் கொடுத்து அனுப்பினார். சில நாட்கள் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து சுபேதாரிடமிருந்து போன். ரொம்ப சந்தோஷமாகப் பேசினார். சோற்றை அறவே விட்டுவிட்டாராம். மூன்று வேளையும் மாவுதானாம். எடை மட்டும் அப்படியே நிற்கிறதாம், ஏன் என்று தெரியவில்லையாம். பட்டாளத்து ஒழுங்கு உள்ள மனிதர், பொய் சொல்ல மாட்டார். எதில் கரைக்கிறீர்கள் என்று கடைசியாகத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"தண்ணியில கரைச்சா வாயில வைக்க முடியல தம்பி. நம்ம தோப்புத் தேங்காயில பால் எடுத்துக் கரைச்சேன், அமிர்தமா இருக்கு."

ஆட்டோவில் வந்தவர்

முத்தையா அண்ணன் அப்படியெல்லாம் செய்யவில்லை. தண்ணீரில்தான் கரைத்தார், மூன்று வேளைதான் குடித்தார். அதுதான் வம்பாகப் போனது. பத்தாவது நாள் பகல் பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். இறங்கினார் என்பதைவிட டிரைவர் இறக்கினார் என்பதுதான் சரி. சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. ஜெட்டியில் கூட வேலை பார்க்கிறவர்களைப் பார்க்கப் போனவர் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மிதாலி தீதி ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் விரலில் குத்தி சுகர் பார்த்தேன். தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாப்பாடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மாத்திரை மட்டும் பழைய சாப்பாட்டுக்கு உண்டான அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். அரை மணியில் முகம் தெளிந்தது. அண்ணாச்சியே அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே டாக்டர் டப்பாவைத் தூக்கி எறியவில்லை. இந்த எடைக்கும் இந்த சுகருக்கும் கொஞ்ச நாளைக்கு இது உதவும், ஆனால் என் கண் முன்னால் நடக்கட்டும் என்றாராம். மாத்திரையில் ஒன்றை நிறுத்தி, இன்னொன்றைக் குறைத்து, வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி, டயட்டீஷியனிடமும் அனுப்பினார். திரும்பி வந்த அண்ணாச்சி எனக்கு எதிரே வந்து நின்றார். அந்த லாரி போன அன்று நான் டாக்டரைக் கேட்கச் சொன்னதை அவரிடம் சொன்னேன். அண்ணன் தலையாட்டியதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ மெதுவாப் பேசுறவன்தான், தெரியும். இந்த ஒண்ணை மட்டும் அடுத்த கடைக்காரனுக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன். சுகர், பிரஷர், கர்ப்பம், கிட்னி, எது இருந்தாலும் முதலில் டாக்டர், அப்புறம்தான் டப்பா. சொன்னதும் பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். வியாபாரம் குறைந்தது உண்மை.

பசி யாருக்கு

முத்தையா அண்ணனின் மனைவி பார்வதி அக்கா கடைக்கு வந்தார். அவருக்கு மலச்சிக்கல், ஏதாவது கொடு என்றார். இந்த மாவில் அது சகஜம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், போகவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். வேறு தொந்தரவு உண்டா என்று கேட்டேன். வீட்டில் தாளிக்கக் கூடாதாம். மீன் பொரிக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர்கள் மீன் பொரித்தால் இவர் ஜன்னலைச் சாத்துகிறாராம். சாத்திய ஜன்னலைத் தானே போய்த் திறக்கிறாராம்.

"டப்பா குடிக்கிறது அவரு. திட்டு வாங்குறது நானு. எனக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கா?"

கப்பல் லேட்

மூன்று வாரம் முடிந்தபோது அண்ணன் தொண்ணூற்றெட்டில் நின்றார். முகமே மாறிவிட்டது. இன்னும் இரண்டு வாரம் டப்பாவிலேயே போகலாம், பிறகு மெல்ல மெல்ல சோற்றுக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டப்பாதான் இல்லை. மெயின்லேண்டில் சரக்கு துறைமுகத்துக்கு வந்துவிட்டதாம். கடல் மோசம், கப்பல் லேட். ஊர் முழுக்க எந்தக் கடையிலும் இல்லை.

தீவில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. உருளைக்கிழங்கு வராத வாரம் உண்டு, முட்டை வராத வாரம் உண்டு. பட்டினியே வராமல் போன வாரம் அதுதான் முதல் தடவை. அண்ணன் தினமும் காலையில் மேலே வீட்டிலிருந்து ஏற்றத்தில் இறங்கி வருவார், "க்யா தம்பி, டப்பா வந்துச்சா?" என்பார், இல்லை என்றதும் திரும்பி ஏறிப் போவார். சாயங்காலமும் ஒரு தடவை. டாக்டர் அவர் சுகரைப் பார்த்து மாத்திரையை மறுபடி சரி செய்தார். டயட்டீஷியன் சாதாரணச் சாப்பாட்டிலேயே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்: குழம்பில் வெந்த மீன் இரண்டு துண்டு, பக்கத்துச் சிப்பிகாட் கிராமத்திலிருந்து வருகிற கீரை வேண்டிய மட்டும், சோறு ஒரு சின்னக் கப், பொரித்தது எதுவும் கிடையாது. அண்ணனுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. சோற்றைத் தொட்டால் நூற்றி நாலுக்குப் போய்விடுவோம், ஸ்டோரில்தான் போய் உட்காருவோம் என்று முடிவே கட்டிவிட்டார். பார்வதி அக்கா கப்பால் அளந்து போடுவதை எதிரே உட்கார்ந்து இவர் மறுபடி அளப்பாராம்.

கப்பல் இன்னும் நான்கு நாள் தள்ளிப்போகிறது என்று தெரிந்த அன்று, கடை வாசலில் நின்று துறைமுகப் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"இருபத்திரண்டு வருஷமா போட் லேட்டுன்னு ஜனங்க என்னைத் திட்டுனாங்க. இன்னிக்கு என் முறை."

கையெழுத்து

அளந்த சோறு, கீரை, மீன். அதோடு தினம் இரண்டு தடவை ஏற்றம் இறக்கம். அதை அவர் உடற்பயிற்சி என்று நினைக்கவில்லை, டப்பா விசாரிப்பது என்றே நினைத்தார். கப்பல் ஒருவழியாக வந்தும் அந்தப் பெட்டி மட்டும் அதில் இல்லை. அடுத்த கப்பலுக்கு என்றார்கள். அவரும் நடந்துகொண்டே இருந்தார். மாவு மூன்று வாரத்தில் இழுத்துக் கொடுத்ததைப் பட்டியல் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டது. வாரம் முக்கால் கிலோ, ஒரு வாரம் மட்டும் ஒன்றுமில்லை.

மெடிக்கல் அன்று காலையில் எங்கள் மிஷினில் ஏறினார். செருப்போடு ஏறினார். தொண்ணூற்றி ஐந்து. கேட்டது தொண்ணூற்றி நாலு. ஒரு கிலோ. அவர் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

மத்தியானம் அடுத்த கப்பலின் சரக்கு வந்து சேர்ந்தது. நானும் தீதியும் பெட்டியைப் பிரித்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடல்காரர்கள் முகம் அப்படித்தான். கவுன்ட்டரில் காகிதத்தை வைத்தார். கையெழுத்து இருந்தது. சுகர் அளவுக்கு வந்துவிட்டதைப் பார்த்து, அந்த ஒரு கிலோவை டாக்டர் விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து நிற்க வேண்டும் என்று நிபந்தனை. தீதி அவருடைய சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி புது டப்பா ஒன்றைத் தட்டி, வேண்டுமா என்பதுபோல் பார்த்தார். முத்தையா அண்ணன் அதைக் கையில் வாங்கி, தேதியைப் பார்த்துவிட்டு, திரும்ப அலமாரியில் வைத்தார்.

"படகு மெஸ்ஸுல சோறு எப்படி இழுக்கும்னு உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆறு மாசம் இதை விக்காம வைங்க."

ஆக, இந்த மாவு பயன்படுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சத்தமாகவே சொல்லும் பதில்: டாக்டர் கண் முன்னால், கொஞ்ச நாளைக்கு, தக்க காரணம் இருந்தால் இந்தப் படகில் ஏறிக்கொள்ளுங்கள், ஆனால் சோற்றுக்குத் திரும்பி வருகிற டிக்கெட் டப்பாவுக்குள் இருக்காது, அதை நீங்கள்தான் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.