வைரவன் ஜி. என்பதும் கோமதிதான்

கோமதி இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது. காலையில் நம் ஆய்வு நிலையத்தின் நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். இயக்குநர் அலுவலகத்திலிருந்து போன், ஒரு வங்காளிக் குரல். "தாதா, கோமதி தீதி போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். இரங்கல் நோட்டீஸுக்கு அவங்க ரிசர்ச் பேப்பர் லிஸ்ட் வேணும். அரை மணி நேரத்துல அனுப்புங்க." உயிரோடு இருந்தவரை அந்த லிஸ்ட்டை ஏறெடுத்தும் பார்க்காதவர்களுக்கு, செத்த பிறகு அரை மணி நேரத்தில் வேண்டுமாம்!

அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவரைச் சிரித்த முகமாகத்தான் தெரியும். எனக்கு இன்று சிரிப்பு வரவில்லை.

கோமதியின் அப்பா வைரவன், இங்கே கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நம் வழக்கப்படி அப்பா பெயர் மகளுக்கு இனிஷியல். ஆய்விதழ்களுக்கு அது எங்கே புரிகிறது? முதலில் வந்த கட்டுரைகளில் அவர் 'கோமதி வி.' பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கேட்டார்கள், அப்பா பெயரை எழுதினார். அதன் பிறகு 'வைரவன் ஜி.' நம் அலுவலகமோ ஆங்கிலத்தில் அவர் பெயரிலிருந்த எச் எழுத்தை வங்காளி வழக்கப்படி தூக்கிவிட்டது. அப்படியும் சில கட்டுரைகள் வந்தன. ஆக, கட்டுரைகளை எண்ணும் கணினியில் அவர் மூன்று பேர்.

துறைமுகத் தொழிலாளர்களின் வாயில் வரும் வெள்ளைத் திட்டுகளில் எது புற்றாக மாறும் என்று அவர் எழுதியதைத்தான் மற்ற ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாண்டார்கள். அது அப்பா கணக்கில் இருந்தது. நான் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கப்பா பத்தாவதே தாண்டலை சார். இப்ப ஜப்பான்காரன் அவரை மேற்கோள் காட்டுறான்!"

ஒரு சனிக்கிழமை அவரோடு கிடர்பூருக்கு பஸ்ஸில் போனேன். கைவண்டிக்காரர் ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தி, வாயில் அடக்கியிருந்த கைனிப் புகையிலையைத் துப்பச் சொல்லி, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். "போன தடவை வரலியே, ஏன்?" என்று இந்தியில் ஒரு அதட்டல். அந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையைச் சொறிந்தார். அவருக்குக் கோமதி ஒரே ஆள்தான்.

பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்தது. அது கிடைத்தால்தான் அந்தத் தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதிக்க ஆளும் ஆய்வகமும் கிடைக்கும். மூன்று பெயர்களையும் சேர்த்து நான் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். குழுவில் ஒரு பெரிய மனிதர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, "சிஸ்டத்தில் இருப்பதுதான் கணக்கு" என்றாராம். பதவியும் போயிற்று, ஆய்வகமும் போயிற்று. வெளியே வந்து கோமதி சொன்னார்: "என் நம்பரைப் பார்த்தாங்க சார். ஒரு கட்டுரையையாவது திறந்து பார்த்திருக்கலாம்." அன்று அவர் சிரிக்கவில்லை.

என் மேலும் எனக்குக் கோபம்தான். மூன்று பெயரையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி, அந்தக் கணக்கை வைத்திருக்கும் தரவுத்தளக் கம்பெனிக்கு எழுதினேன். கட்டுரை எழுதியவரே விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு கோமதியிடம் போனேன். "கிடர்பூர் போயிட்டு வந்து போடறேன் சார், ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்திருக்க வேண்டும். சரி என்று விட்டுவிட்டேன், மடையன். இனி யார் விண்ணப்பிப்பது?

அவர் இறந்த செய்தி வந்த காலை, அரை மணி நேரத்துக்குள் முழுப் பட்டியலையும் அனுப்பினேன். மதியம் நோட்டீஸ் போர்டில் பார்த்தால், மூன்றில் ஒரு பெயரில் உள்ளதை மட்டும் எண்ணிப் போட்டிருக்கிறார்கள். போன் செய்தேன். "தாதா, நீங்க அனுப்பினது சிஸ்டத்தோட ஒத்துப்போகலையே" என்றது அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேர்காணலுக்குப் போய்க் கோமதியோடு திரும்பி வந்த அந்தப் பட்டியலின் மூலப் பிரதி என் மேஜையில்தான் இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸின் மேலேயே ஒட்டிவிட்டேன். கிழித்தால் மறுபடி ஒட்டுவேன், ஜெராக்ஸ் மெஷின் நூலகத்தில்தான் இருக்கிறது. மூலத்தை மட்டும் யாருக்கும் தரமாட்டேன். குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று தெரிந்தும், உள்ளே போகும் முன் கோமதி அதன் அடியில் நீல மையில் தமிழில் ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்:

"இந்த மூணு பேரும் நான்தான்."