ஒற்றைச் சப்பாத்துடன் போன நாள்

செயற்கைக் கால் பொருத்த ஈப்போ மருத்துவமனைக்கு வரும்போது, வழக்கமாகக் காலில் போடும் சப்பாத்து ஜோடியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் வலது கால் ஓட்டச் சப்பாத்தைப் பையில் வைத்தேன்.

"மத்தது எங்க?" என்றார் அம்மா.

"தூக்கிப் போட்டுட்டேன். ஒத்தக் காலுக்கு எத்தன வேணும்? எனக்குத் தெரியும்மா."

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மா பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டார்.

செம்மோர் சாலையில் லாரி மோதி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய் எட்டு மாதமாகியிருந்தது. மாநிலத்துக்காக நானூறு மீட்டர் ஓடியவள், கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓட்டத்தால் கிடைத்த பல்கலைக்கழக இடத்தையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கால் பொருத்தும் அண்ணன் பையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தங்கச்சி, புதுக் காலு சப்பாத்து போடாதா? சப்பாத்தோட குதி உயரம் பார்த்துதான்லா கால நேரா நிறுத்தணும்."

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார் அம்மா.

அவமானத்தில் எனக்கு முகம் சுட்டது. அந்தக் கால் எனக்கு வரப்போகிறது என்பதையே நான் நம்பியிருக்கவில்லை.

அன்று புதுக் காலை மாட்டி, சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு, இருபக்கக் கம்பிகளைப் பிடித்து நிற்க வைத்தார். குதி உயரம் இல்லாததால் உடல் பின்னால் சாய்ந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் வலியில் அழுதேன். ஓட முடியுமா என்று கேட்க வாய் வரவில்லை. அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.