கை பிரேக் இல்லாத வண்டி

நசரத்பேட்டையில் போய்க் கெங்கம்மாள் வீடு எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் உதட்டைப் பிதுக்குவார்கள். கட்டைக்காரி வீடு என்று கேட்க வேண்டும். உடனே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். அவள் புருஷன் தேவராஜின் நீல பிக்கப் வண்டி எங்கே நின்றாலும் இடது பக்கக் கதவு திறக்கும். கையில் வேலமரக் கட்டையோடு கெங்கம்மாள் இறங்குவாள். பின்சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகிவிட்டு "ம்" என்பாள். அதற்குப் பிறகுதான் தேவராஜ் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். வண்டிக்குக் கை பிரேக் இல்லாததால் வந்த பெயர் அது.

கியரில் போட்டு நிறுத்த வேண்டியதுதானே என்று வண்டி தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வண்டி அது. இன்ஜினை அணைத்துவிட்டால் மறுபடி கிளப்ப முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டையே கழன்றுவிடும். அதனால் சரக்கு ஏற்றும்போதும் இறக்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற இன்ஜினைக் கியரில் போட்டு எப்படி நிறுத்துவது? ஆகவே கட்டை வந்தது, கட்டையோடு கெங்கம்மாளும் வந்தாள்.

அவள் நூம்பல் கிராமத்துப் பெண். நினைவு தெரிந்த நாளிலிருந்து சேற்றில் நின்று நாற்று நட்டவள். தலைக்கு மேலே வானம் இல்லாமல் ஒரு பகலைக் கழித்து அவளுக்குப் பழக்கமில்லை. தேவராஜ் வண்டி எடுத்த வருஷம், அறுபத்தைந்திலோ அறுபத்தாறிலோ, அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய தாய் வேம்புலியம்மாள் ஆயுசெல்லாம் அடுத்தவன் வயலில் குனிந்து கிடந்து கூன் விழுந்தவள். மகன் சொந்த வண்டிக்காரன் ஆனதும் கிழவிக்கு ஒரே வைராக்கியம். என் மருமகள் காலில் சேறு படக்கூடாது, அவள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பாசம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தப் பாசத்தில் கெங்கம்மாளுக்கு மூச்சு முட்டியது. வாசலுக்கு வந்தால் "உள்ள போமே, வெய்யிலு" என்பாள். தண்ணீருக்குக் குடத்தை எடுத்தால் "நான் போறேன், நீ குந்து" என்பாள். சில மாதங்களில் பெண் பாதியாக இளைத்துவிட்டாள். தட்டில் வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. கூரையில் ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். அது வழியாகத் தரையில் விழும் வெளிச்சம் நகர்வதைப் பார்த்தபடியே பகலெல்லாம் உட்கார்ந்திருப்பாள்.

தேவராஜோ ஊமைக் கோட்டான். பெண்டாட்டி இளைப்பதைப் பார்ப்பான், தாயைப் பார்ப்பான், வெளியே போய் வண்டியைத் துடைப்பான். அப்படிப்பட்டவன் ஒரு சாயந்தரம் தானாகவே வாயைத் திறந்து, "கை பிரேக்கக் காணோம்மா" என்றான்.

"காணோம்னா? அது இன்னா கோழியா நைனா, மேயப் போறதுக்கு?"

"மெட்ராஸ்ல நிறுத்தியிருந்தேன். எவனோ கழட்டிக்கினு பூட்டான். புச்சு வாங்குறதுன்னா வண்டிய வித்துதான் வாங்கணும். இனிமே வண்டி நின்னா சக்கரத்துக்கு முட்டு குடுக்க ஒரு ஆள் வேணும். கிளீனரு வெச்சா கூலி கேப்பான்."

வேம்புலியம்மாளுக்குக் கூலி கொடுத்து ஆள் வைப்பது வேப்பங்காய். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை யோசித்தாள். "உன் பொண்டாட்டிய இட்டுக்கினு போ. வண்டிக்குள்ளயும் நெயலுதானே" என்றாள்.

மறுநாள் காலை ஏறி உட்கார்ந்தவள்தான் கெங்கம்மாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கியது.

நூம்பல் தோட்டங்களில் கீரையும் கத்திரிக்காயும் ஏற்றுவார்கள். பூந்தமல்லி வழியாக, கூவத்துப் பாலம் தாண்டி, ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போய் இறக்குவார்கள். தினமும் அதே பாதைதான். ஆனால் கெங்கம்மாளுக்கு ஒரு நாளும் அது அதே பாதையாக இருந்ததில்லை. பனிக்காலத்துக் காலையில் புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் புகையிலிருந்து புறப்பட்டு வரும். இவையெல்லாம் மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டன, நாம்தான் எதிர்த் திசையில் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றும். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தால் வானம் கீழே வந்து படுத்துக்கொண்டிருக்கிறது, எழுப்பக்கூடாது என்று நினைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள். வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாத பார்வை அது.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது அந்த ஓட்டை. கை பிரேக் லிவர் இருந்த இடத்தில், இரண்டு பேருக்கும் நடுவே, தரைத் தகட்டில் ஓர் ஓட்டை இருந்தது. விளிம்பில் மட்டும் பழைய பட்டாளத்துப் பச்சை கொஞ்சம் மிச்சமிருந்தது. குனிந்து பார்த்தால் கீழே ரோடு ஆறு மாதிரி ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே வருவாள். மடியில் கட்டை கிடக்கும். ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் வைப்பதுபோல அந்தக் கட்டைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். தேவராஜ் பேசமாட்டான், அவளும் பேசமாட்டாள். அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

இந்தச் சந்தோஷத்துக்குக் கண் பட்டது எழுபத்திரண்டாம் வருஷத்து மழைக்குப் பிறகு. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சில பெண்கள் முளைக்கீரைக் கட்டோடு நின்று கையைக் காட்டினார்கள். நம் பக்கமெல்லாம் சப்பாத்திக் கல் மாதிரி தட்டை. மேடு என்று சொல்ல ஏரிக்கரையையும் பாலத்தையும் விட்டால் வேறு இல்லை. தேவராஜ் கரைச் சரிவிலேயே வண்டியை நிறுத்தினான். கெங்கம்மாள் கட்டையோடு இறங்கிப் பின்பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்து ஏரியிலிருந்து நாரைக் கூட்டம் மொத்தமாக எழுந்தது. வெள்ளை வெளேரென்று வானமே புரண்டுகொடுத்தது. அவள் அண்ணாந்து நின்றாள். ஏதோ நினைவில் "ம்" என்றாள். கட்டை கையிலேயே இருந்தது.

தேவராஜ் காலை எடுத்தான். வண்டி பின்னால் நகர்ந்து, வேகம் பிடித்து, ஏரிக்குள் இறங்கியது. நல்லவேளை, அவள் எப்படியோ விலகி விழுந்திருந்தாள். ஆனால் புடவைத் தலைப்புச் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்து போயிற்று. வண்டியின் பின்பாதி தண்ணீரில் நிற்க, கத்திரிக்காய்கள் நீலமாக மிதந்து போய்க்கொண்டிருந்தன.

தேவராஜ் இறங்கி ஓடிவந்தான். திட்டவில்லை. கிழிந்த தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கோபம் என்று நினைத்துக்கொண்டாள் கெங்கம்மாள். மாட்டைக் கட்டி வண்டியை இழுத்துக் கரையேற்றிய பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"கை பிரேக் போட்டுடலாம்."

பிரேக் வந்துவிட்டால் கட்டை எதற்கு? கட்டை இல்லையென்றால் அவள் எதற்கு? அத்தை நிழலை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மறுபடி அந்த ஓட்டுக் கண்ணாடி, தரையில் நகரும் வெளிச்சம். ஒரு நாரைக் கூட்டத்துக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வண்டி பூந்தமல்லியில் சுலைமான் பட்டறையில் நின்றது. சுலைமான் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர், தேவராஜுக்கு வண்டி வாங்கின நாளிலிருந்து சிநேகிதம். இரண்டாம் நாள் மத்தியானம் கெங்கம்மாள் புருஷனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனாள். அவன் அங்கே இல்லை, மெட்ராஸுக்குப் பழைய பிரேக் லைனிங் தேடிப் போயிருந்தான். விட்டால் இந்த நேரம் கிடைக்காது என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"பாய், ஒரு ஒதவி செய்யணும். பிரேக்கு சாமான் எங்கயும் கெடைக்கலன்னு அவராண்ட சொல்லிடுங்க."

"ஏம்மா?"

"அது வந்துட்டா நான் ஊட்டுக்குள்ள குந்தணும். என்னால முடியாது பாய்."

சுலைமான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு பரணில் ஏறி ஒரு சாக்கு மூட்டையை இறக்கிப் பிரித்தார். உள்ளே ஒரு லிவரும், பிறை மாதிரி வளைந்த இரண்டு பிரேக் ஷூவும் இருந்தன. லிவரின் அடிப்பாகத்தில் பட்டாளத்துப் பச்சை. இத்தனை வருஷமாகக் குனிந்து குனிந்து பார்த்த பச்சை அவளுக்குத் தெரியாதா?

"இது எங்க வண்டிது. திருடு போச்சின்னாரே?"

"திருடனே கொணாந்து என் கையில குட்த்தான்மா."

கெங்கம்மாள் அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். சுலைமான் வேறு பக்கம் பார்த்தபடி, தேவராஜ் அன்றைக்கு வந்து சொன்னதைச் சொன்னார். "என் பொண்டாட்டி சோறு துன்றதில்ல பாய், வெளிய போனாதான் பொழப்பா, அம்மா உடாது, வண்டிக்கு ஆள் வேணும்னா உடும்னான். அவனே குனிஞ்சி கழட்டினான். வித்துடாதேன்னான், யாராண்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினான். நேத்து வந்து, என் புத்தியால அவ சக்கரத்துல போயிருப்பா பாய்னு இந்த எடத்துல குந்திக்கினு அழுதான்மா. நான் எப்டி கெடைக்கலன்னு சொல்றது?"

கெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துக்கமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த ஊமை மனுஷன் தனக்காக ஒரு பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யை இத்தனை வருஷம் தினமும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு, "நான் வந்து கேட்டேன்னு சொல்லாதீங்க பாய்" என்று எழுந்து நடந்தாள்.

அதிகச் செலவில்லாமல் வேலை முடிந்தது. எந்தப் பழைய லாரியிலிருந்தோ கழற்றின லைனிங்கை வாங்கி வந்து, ஷூ அளவுக்கு அறுத்து ரிவெட் அடித்தார்கள். துருப்பிடித்த கம்பிக்குப் பதிலாக, அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கழிவில் கிடைத்த எஃகுக் கயிற்றை வெட்டிப் போட்டார் சுலைமான். கியர் பெட்டிக்குப் பின்னால் சிலந்தி குடியிருந்த டிரம்மைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். தேவராஜ் வண்டியை எடுத்து வந்து அதே ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி, லிவரை இழுத்து, காலை எடுத்தான். வண்டி அசையவில்லை. பக்கத்தில் கெங்கம்மாள் மடியில் கட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஓட்டை இருந்த இடத்தில் லிவர் நின்றது, ரோடு தெரியவில்லை. தேவராஜ் அவளைப் பார்த்தான்.

ஹாரன் அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள். வேம்புலியம்மாள் லிவருக்குக் குங்குமம் வைத்தாள். "அப்பாடா, ஒயிஞ்சிது. இனிமே நீ அக்கடான்னு நெயல்ல குந்துமே" என்றாள் மருமகளிடம். கெங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பாவம், அவனிடம் இருந்தது ஒரே ஒரு பொய்தான் போலிருக்கிறது.

விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போன கெங்கம்மாள் கொஞ்சம் தாமதமாக உள்ளே வந்தாள்.

தேவராஜ் கிளம்பினான். ஹேண்டிலைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பி, வழக்கம்போல ஹாரனை அமுக்கினான். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினான். இறங்கி பானெட்டைத் தூக்கினான். ஹாரன் ஒயர் கழன்றிருந்தது. கழன்ற முனை எதிலும் உரசாதபடி வாழைநாரால் ஓரமாகக் கட்டப்பட்டிருந்தது. பூக் கட்டுகிற முடிச்சு அது. அந்த முடிச்சைத்தான் அவன் தினமும் அவள் தலையில் பார்க்கிறான்.

வெகுநேரம் பானெட்டுக்குள்ளேயே குனிந்திருந்தான். அவன் தோள் குலுங்கியதை வாசலில் நின்ற கெங்கம்மாள் பார்த்தாள். பிறகு பானெட்டை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"அம்மா, ஆரன் போய்ட்ச்சி. வழியெல்லாம் சைக்கிளு, மாடு. பக்கத்துல ஒரு ஆள் குந்திக்கினு கத்திக்கினே வரணும்."

"நேத்து நல்லா ஊதிக்கினுதானே வந்த?"

"பழைய வண்டிம்மா. சாமான் கெடைக்க நாளாவும்."

வேம்புலியம்மாள் மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். கெங்கம்மாள் எண்ணெய் வைத்துத் தலை வாரி, பூவும் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். "வண்டியப் பத்தி எனக்கு இன்னா தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவள், திரும்பி வந்து வேலமரக் கட்டையை மருமகள் கையில் கொடுத்தாள். "இத்தையும் எட்த்துக்கினு போ. அந்த பிரேக்க நம்பாதே."

கூவத்துப் பாலத்தில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. கெங்கம்மாள் தலையை வெளியே நீட்டி, "ஓரம் போ, ஓரம் போ" என்று கத்தினாள். பாலத்தடியில் நின்ற கொக்குகள் பறந்தன.

"மெதுவா கத்துமே, காது போவுது" என்றான் தேவராஜ்.

அந்த வண்டி இருந்த வரைக்கும் அந்த ஹாரனுக்கு மட்டும் சாமான் கிடைக்கவே இல்லை.