மோட்டாருக்கு ஒரு மாட்டுப் பொங்கல்

கடலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. பொங்கல் கழிந்ததும் சேர வேண்டும். புவனகிரிப் பக்கம் எங்கள் நிலத்தையும் இரண்டு காளைகளையும் கட்டிக்கொண்டு மாரடிக்க எனக்கு இஷ்டமில்லை. அப்பாவோ, தண்ணீர் இறைக்க ஆள் வேண்டாமா என்ற ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்துவிடுவார்.

அது அறுபதுகள். அந்தச் சமயம் பார்த்து எங்கள் கிணற்றடிக்கும் கரண்டு வந்தது. அடித்தது யோகம் என்று அப்பாவை நச்சரித்து ஒரு மோட்டார் வாங்க வைத்தேன். அது ஒழுங்காக ஓடினால் நான் கிளம்பலாம் என்று பேச்சு.

மோட்டார் பிரமாதமாக ஓடியது. இத்தனை நாள் கவலை இழுத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த காளைகள்தான் பழக்க தோஷத்தில் காலையில் கிணற்றடிக்கு வந்து, பூட்ட ஆளில்லாமல் முழித்துக்கொண்டு நின்றன. அப்பா தள்ளி நின்று, காய்ந்த மூங்கில் குச்சியால் பச்சைப் பொத்தானை அழுத்தப் பழகினார். நிறுத்தும்போது மாட்டுக்குச் சொல்வதுபோல் "ஹோ... ஹோ" என்பார். நான் டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டி வைத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று காளைகளைக் குளிப்பாட்டிய கையோடு, அப்பா மோட்டாரையும் குடம் குடமாக ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டார். மஞ்சள், குங்குமம், மாலை. பிறகு சந்தோஷமாகப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மோட்டார் கொட்டகை முழுக்கப் புகை; காயில் கருகிவிட்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி கத்தினேன். நான் வேலைக்குப் போகக் கூடாதென்றே செய்தீர்கள் என்றேன். அப்பா குச்சியைக் கீழே வைத்தார்.

"நீ போயிட்டா வூட்டுக்குப் புள்ள இதானடா. நல்ல நாளும் அதுவுமா குளிப்பாட்டாம எப்புடி வுடறது?"

அதற்குமேல் எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை. அழுகை வந்தது. அதை மறைக்க, புகையைத் திட்டினேன்.

மறுநாள் விடியலில் அப்பாவே வண்டி கட்டினார். மோட்டாரும் நானும் பின்னால், பெட்டி எங்கள் நடுவில். தங்கள் பிழைப்பைப் பறித்த மோட்டாரை அந்தக் காளைகளே கடலூர் வரை இழுத்தன.

பட்டறை மேஸ்திரி மோட்டாரின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, குளிப்பாட்டினது சரி, சோறும் ஊட்டினீர்களா என்று கேட்டார். உள்ளே காற்றாடியில் சர்க்கரைப் பொங்கல் அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்ததுதான் என் உத்தியோகத்தின் முதல் வேலை.

காயில் சுற்றி முடியும்வரை அப்பா பட்டறை வாசலை விட்டு நகரவில்லை. மோட்டார் ஓடியதும் வண்டியில் ஏற்றி, வழியில் குலுங்காமல் இருக்க வைக்கோல் முட்டுக்கொடுத்து, என் பெட்டியை இறக்கி வைத்தார். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார்.

அப்புறம் ஒரு பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினார்.